கடைக்குப் பின்னால் ஓடும் வாறுகால் யாருடையது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் ஊராட்சியில் உங்கள் வீடு. பக்கத்து நகராட்சியில் சங்கு, பாசிமணி விற்கிற சின்னக் கடை. இரண்டு இடத்திலும் வரி கட்டுகிறீர்கள். கடைக்குப் பின்னால் உள்ள வாறுகாலில், அதாவது சாக்கடையில், கழிவுநீர் தேங்கி நாற்றமடிக்கிறது, மழை பெய்தால் நிரம்பிக் கடலுக்கு ஓடுகிறது. கவுன்சிலரிடம் சொன்னால் கமிஷனரைப் பாருங்கள் என்கிறார். அலுவலகத்தில் கேட்டால் அந்த இடம் எங்களுடையது இல்லை என்கிறார்கள். அதனால்தான், "நம் நாட்டில் ஒரு நகராட்சி எப்படித்தான் அமைந்திருக்கிறது, யாருக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரை நீங்கள் எழுதவில்லை. பதிலுக்கு அது தேவையும் இல்லை.

நான் இதே கடற்கரையில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். வரிப் பிரிவில் பாதி, பொதுப் பிரிவில் மீதி. உங்களைப் போல அலைந்து களைத்துப் போய் மேசை முன்னால் நின்றவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அன்றைக்கு நின்று நிதானமாகச் சொல்ல முடியாமல் போனதை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், நகராட்சியில் முடிவெடுப்பது ஒருவர், செய்வது இன்னொருவர், காசு தருவது பெரும்பாலும் மூன்றாவது ஆள். உங்கள் வாறுகால் இந்த மூவரையும் கடந்து, நான்காவதாக வேறொரு துறையின் மண்ணில் போய் முடிகிறது. ஆளாளுக்குக் கைகாட்டுவது அதனால்தான். சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் எல்லையை அவரவர் சரியாகவே சொல்கிறார்கள்.

முதலில் எல்லை. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் பேருந்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கிளம்பும் இடம் ராமநாதபுரம் நகராட்சி, 33 வார்டு. அதைத் தாண்டினால் வரிசையாக ஊராட்சிகள். மண்டபம் வந்தால் பேரூராட்சி. பாலம் ஏறி இறங்கினால் பாம்பன் ஊராட்சி, அடுத்து தங்கச்சிமடம் ஊராட்சி, அப்புறம் ராமேஸ்வரம் நகராட்சி, 21 வார்டு. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் உள்ளாட்சியின் மூன்று வகையையும் பார்த்துவிடுகிறீர்கள். தெற்கே கீழக்கரை நகராட்சி, சாயல்குடி பேரூராட்சி. வடக்கே தேவிபட்டினம் ஊராட்சி, தொண்டி பேரூராட்சி. எல்லா ஊரிலும் அதே மணல், அதே உப்புக்காற்று. ஆனால் குப்பை அள்ள யார் வருவார், வீடு கட்ட யார் அனுமதி தருவார், வேலையில்லாத நாளில் நூறு நாள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் வரைபடத்தில் உள்ள ஒரு கோட்டைப் பொறுத்து மாறிவிடும். நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கிறார்கள் என்று பேச்சு வந்தாலே பெண்கள் கொதித்தெழுவதற்கு முதல் காரணம் அதுதான், வரி உயர்வுகூட அப்புறம்தான்.

இந்தக் கோட்டைப் போடுவது மாநில அரசு. அரசமைப்புச் சட்டப்படி உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான நகராட்சி என்று ஒன்று கிடையாது. எல்லா மாநிலத்துக்கும் பொதுவான எலும்புக்கூட்டைத் தந்தது 74ஆவது திருத்தம். 1992இல் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறத்துக்கு மூன்று வகை அமைப்பு, ஐந்தாண்டுப் பதவிக்காலம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இட ஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், தேர்தல் நடத்தத் தனி மாநிலத் தேர்தல் ஆணையம், பணம் பிரித்துத் தர மாநில நிதி ஆணையம். இவையெல்லாம் அதில்தான் வந்தன. தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கைப் பாதி இடமாக 2016இல் உயர்த்தினார்கள். மூன்று வகை என்று சொன்னேனே, அவை நம்மிடம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. இவை தவிர ராணுவக் குடியிருப்புப் பகுதிகளில் கண்டோன்மென்ட் வாரியம் என்று ஒன்று உண்டு, அது மத்திய அரசின் கீழ் வரும். நம் கடற்கரையில் அது இல்லை, விட்டுவிடலாம்.

அதே திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. நகர உள்ளாட்சிகள் பார்க்கக்கூடிய 18 வேலைகள் அதில் இருக்கின்றன. நகரமைப்பு, சாலை, குடிநீர், துப்புரவு, தீயணைப்பு, தெருவிளக்கு, சுடுகாடு, ஆட்டுத்தொட்டி (இறைச்சிக்கூடம்), பிறப்பு இறப்புப் பதிவு என்று நீளும். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எல்லா அதிகாரமும் நகராட்சிக்குத்தான் என்று பலர் எழுதுகிறார்கள். சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மாநிலம் இந்த அதிகாரங்களை "வழங்கலாம்" என்றுதான் இருக்கிறது, வழங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநிலத் துறையாகவே இருக்கிறது. பெரிய குடிநீர்த் திட்டங்களைக் குடிநீர் வடிகால் வாரியம் கட்டி நடத்துகிறது. நம் மாவட்டத்துக்குத் திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து தண்ணீர் வருகிறதே, அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் வாரியத்துடையது. வாரியம் ஊருக்கு மொத்தமாகத் தண்ணீர் தரும். அதைத் தொட்டியில் ஏற்றித் தெருவுக்குத் திறந்துவிடுவது நகராட்சி. குழாயில் காற்று மட்டும் வருகிற நாளில் இருவரில் யார் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. தெருவிளக்கும் இப்படித்தான். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் விளக்கு நகராட்சியுடையது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் முதல் மாநகராட்சி சென்னையில், 1688இல் வந்தது. 1882இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானம்தான், ஊர்க் காரியத்தை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கப்பட்டு நடத்தலாம் என்று வழி திறந்தது. நம் நகராட்சிகள் நெடுங்காலம் 1920ஆம் வருட மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் ஓடின. நான் வேலையில் சேர்ந்தபோது அந்தச் சட்டப் புத்தகம்தான் மேசையில் இருந்தது, அட்டை கிழிந்து நூலால் கட்டி வைத்திருப்போம். 1998இல் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று இயற்றினார்கள். ஆனால் கிடப்பில் போட்டுவிட்டார்கள். திருத்தங்களோடு அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான்.

இனி உள்ளே போவோம். உங்களைக் குழப்புவது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நகராட்சி என்றால் இரண்டு உடல். ஒன்று நகர்மன்றம். வார்டுக்கு ஒருவராக நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் கவுன்சிலர்கள் கூடும் இடம். அவர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நகர்மன்றத் தலைவர், நம் வாயில் சேர்மன். தமிழ்நாட்டில் இந்த முறை மாறி மாறி வந்திருக்கிறது. 1996, 2001, 2011 தேர்தல்களில் சென்னை மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் மேயருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். பெங்களூரில் மேயர் பதவி ஓர் ஆண்டு என்று சுற்றிக்கொண்டிருந்தது, மும்பையில் இரண்டரை ஆண்டு. கொல்கத்தாவில் மேயருக்கு அமைச்சரவை போல ஒரு குழுவே உண்டு, நிர்வாகம் அவர்கள் கையில் இருக்கிறது. நம் சேர்மனுக்கு அப்படி இல்லை.

இரண்டாவது உடல் அலுவலகம். அதற்குத் தலைமை வகிப்பவர் ஆணையர், நம் வாயில் கமிஷனர். அவரை மாநில அரசு நியமிக்கிறது, மாநில அரசு மாற்றுகிறது. அவருக்குக் கீழே பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு, வருவாய்ப் பிரிவு, பொதுப் பிரிவு. பொறியியலில் பொறியாளர், அவருக்கு உதவியாக ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்), ஏ.இ. (உதவிப் பொறியாளர்) இருப்பார்கள். சுகாதாரத்தில் ஆய்வாளர், மேற்பார்வையாளர், அவர்களுக்குக் கீழே விடியற்காலை நாலரை மணிக்கே தெருவில் நிற்கும் தூய்மைப் பணியாளர்கள். வருவாயில் பில் கலெக்டர். சட்டத்தின் பார்வையில் நகராட்சியின் செயல் அதிகாரி ஆணையர்தான். காசோலை அவர் கையெழுத்தில்தான் போகும், நோட்டீஸ் அவர் பெயரில்தான் வரும். அவர் மன்றக் கூட்டத்தில் உட்காருவார், விளக்கம் சொல்வார், ஆனால் ஓட்டு கிடையாது. ஊழியரைக் கூப்பிட்டு இதைச் செய் என்று கவுன்சிலர் கேட்டுக்கொள்ளலாம், ஆணையிட முடியாது. ஆக, உங்கள் கவுன்சிலர் "கமிஷனரைப் பாருங்கள்" என்றதில் தட்டிக்கழிப்பு இருக்கலாம். சட்டமும் கொஞ்சம் இருக்கிறது.

சரி, அப்படியானால் கவுன்சிலர் எதற்கு? மன்றம் தீர்மானம் போடாமல் நகராட்சியின் பணத்தில் வேலை நடக்காது. அங்கேதான் அவர் பலம். மாதம் ஒரு முறையாவது மன்றம் கூட வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் பொருள் நிரல், அதாவது அஜெண்டா, தயாராகும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே "அலுவலகக் குறிப்பு" என்று ஒரு பத்தி இருக்கும், எத்தனை மீட்டர், எவ்வளவு மதிப்பீடு, எந்த நிதி என்று. கடைசியில் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று முடியும். பாதிக்கு மேற்பட்ட பொருள்கள் கை தூக்கிய வேகத்தில் நிறைவேறிவிடும். அவசர வேலைக்குத் தலைவர் "முன் அனுமதி" கொடுத்துவிட்டு, பிறகு மன்றத்தில் பதிவுக்கு வைப்பதும் உண்டு. புயல் நேரத்தில் அது அவசியம். நல்ல வெயில் நாளில் அடிக்கடி முன் அனுமதி வந்தால் கவுன்சிலர்கள் கேள்வி கேட்க வேண்டும். கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மீனவர் குடியிருப்பிலிருந்து வந்த அம்மா ஒருவர், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர், ஒவ்வொரு பொருளிலும் "எந்த நிதிய்யா இது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்பார். அந்த ஐந்து வருடமும் அலுவலகக் குறிப்பை நாங்கள் ஒழுங்காக எழுதினோம்.

மன்றத்தின் கீழே குழுக்களும் இருக்கின்றன. நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு. வரி அதிகம் போட்டுவிட்டார்கள் என்றால் நீங்கள் போக வேண்டிய இடம் அந்த மூன்றாவது குழு. பலருக்கு அது இருப்பதே தெரியாது, ஆணையரிடமே திரும்பத் திரும்ப மனுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் வாறுகாலைக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் கேட்கிறார் அல்லது நீங்கள் மனுக் கொடுக்கிறீர்கள். ஏ.இ. போய் அளந்து மதிப்பீடு போடுவார். மதிப்பீட்டுத் தொகைக்கு ஏற்ப மேலே தொழில்நுட்ப அனுமதி வாங்க வேண்டும். தொகை சிறியதென்றால் உள்ளேயே முடியும், பெரியதென்றால் மண்டல அலுவலகம், அதற்கும் மேலே சென்னையில் நகராட்சி நிர்வாக இயக்ககம். மன்றத் தீர்மானம் வேண்டும். நிதி ஒதுக்கீடு வேண்டும். பிறகு ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, எம் புக்கில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அளவு, பில். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே இருப்பவருக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஃபைல் போயிருக்கு." எங்கே போயிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை நடக்கும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரே வாறுகாலுக்கு மூன்று மன்றங்கள் தீர்மானம் போட்டதைப் பார்த்தேன். முதல் மன்றத்தில் நிதி வரவில்லை. இரண்டாவதில் நிதி வந்தது, ஒப்பந்தம் போட்டு 60 மீட்டர் கட்டினார்கள், கடைசி 20 மீட்டர் நின்றுவிட்டது. அந்த மண் வேறொரு துறையின் பெயரில் இருந்தது, தடையின்மைச் சான்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் அலுவலகப் பிரதியைக் கோப்பில் சேர்த்தவன் நான். மூன்றாவது மன்றத்தில் அதே 20 மீட்டர் புதிய பொருளாக வந்தபோது, பழைய தீர்மானம் இருப்பதே புதியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கட்டிய 60 மீட்டரில் வந்த தண்ணீர் எல்லாம் அந்த முனையில் குட்டையாக நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த வருடம் அது. இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு நினைவூட்டு அனுப்பும்படி நான் இன்னும் இரண்டு முறை குறிப்பு எழுதியிருக்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? சொந்த வருவாயில் முதலிடம் சொத்து வரிக்கு. நகராட்சியில் அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் ஒன்றிலும் அக்டோபர் ஒன்றிலும் தொடங்கும் கணக்கு. தொடக்க மாதத்துக்குள் கட்டுகிறவர்களுக்கு ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதை விடாதீர்கள். ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒரு முறை. அப்புறம் காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பேருந்து நிலையம், சந்தை, கட்டணக் கழிப்பறைக் குத்தகை. தொழில் வரியை ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போட அரசமைப்புச் சட்டமே அனுமதிப்பதில்லை. நீங்கள் எவ்வளவு பெரிய கடை வைத்தாலும் அவ்வளவுதான். இதெல்லாம் சேர்ந்தாலும் நம் பக்கத்துச் சின்ன நகராட்சிகளில் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் கட்டவே சரியாகிவிடும்.

மிச்சத்துக்கு மேலேதான் பார்க்க வேண்டும். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் உண்டு. பதினைந்தாவது நிதி ஆணையம் நம் ஊர் அளவுள்ள நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு வேலைகளுக்கென்றே கட்டிவைக்கப்பட்டது. வாறுகால் கேட்கிறவர்களுக்கு அது சாதகமான செய்தி.

இந்த மானியக் கணக்குகளில் மக்கள்தொகைதான் பெரிய அளவுகோல். ராமேஸ்வரத்தின் 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகை 44,856. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் இறங்குகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் வருகிறவர்கள் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஈரத்துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய குப்பை நகராட்சிக் கணக்கில் வருகிறது, அவர்களுடைய தலை கணக்கில் வருவதில்லை. கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. உண்டியல் காசு கோயிலுக்கு, தெருவில் விழும் இலை நகராட்சிக்கு. தீவில் மண்ணும் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். விடுதிகளின் செப்டிக் டேங்க் நிரம்பினால் அது போக வேறு இடமே கிடையாது. யாத்திரை ஊர்களுக்கு மக்கள்தொகையோடு வருகையாளர் எண்ணிக்கையையும் சேர்த்து நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வேலையில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

உங்கள் வீடு இருக்கும் ஊராட்சியில் ஏற்பாடு வேறு. அங்கே ஊராட்சித் தலைவர்தான் செயல் அதிகாரி. துணைத் தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போடுவது அவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னம் கிடையாது. ஒரு நகர்மன்றத் தலைவருக்கு இல்லாத நேரடி அதிகாரம் ஒரு சின்ன ஊராட்சித் தலைவருக்கு இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். அதைவிடப் பெரிது கிராம சபை. வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட வேண்டும். வரவு செலவை அங்கே படித்துக் காட்ட வேண்டும். நகர்ப்புறத்தில் இதற்கு ஈடாக வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் கிராம சபையின் பழக்கமும் கனமும் அதற்கு இன்னும் வரவில்லை. உங்கள் வார்டில் பகுதி சபை கூடுகிறதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அது கூடும்.

ஒரு விஷயம் இங்கே சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் கையில் இருந்த கையெழுத்து ஒன்றிய அலுவலகத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. நகரங்களிலும் இது நடந்ததுதான். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் முடியும் வரை, ஐந்து வருடத்துக்கு மேல், கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து நகராட்சி ஓடியது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்த நாட்களில் எங்கள் அலுவலகம் அமைதியாக இருந்தது. ஃபைல்கள் வேகமாகவே நகர்ந்தன. ஆனால் "எந்த நிதிய்யா இது?" என்று கேட்க ஒருவரும் இல்லை. வேகம் போதும் என்று நினைக்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

இனி வாறுகாலோடு நடந்து கடலுக்குப் போவோம். கடையிலிருந்து வெளியேறுவது உங்கள் தண்ணீர், உங்கள் பொறுப்பு. தெரு வாறுகாலில் விழுந்ததும் நகராட்சி. அது பெரிய சாலையைக் குறுக்கே கடந்தால், அந்தச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், மதுரையிலிருந்து தனுஷ்கோடி போகும் 87ஆம் எண் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை. குறுக்கே உள்ள குழாய்ப் பாலத்தை அவர்கள்தான் தூர்வார வேண்டும், நகராட்சி ஆள் அங்கே மண்வெட்டி போட முடியாது. சாலையைத் தாண்டினால் கடற்கரைப் புறம்போக்கு, அது வருவாய்த் துறை, அதாவது தாசில்தார். பக்கத்தில் மீன் இறங்குதளம் இருந்தால் மீன்வளத் துறை. துறைமுகப் பகுதி என்றால் கடல்சார் வாரியம். கடலுக்குள் கண்ணுக்குத் தெரிகிற தீவுகள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றாக இருந்தால் அது 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை. கழிவுநீர் கடலில் கலக்கிறது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இருநூறு அடி ஓடும் தண்ணீருக்கு இத்தனை அலுவலகம்.

கரையில் எதையாவது கட்டுவதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும். 1991இல் முதல் அறிவிக்கை, பிறகு 2011, 2019. இதில் நகராட்சி எல்லைக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. நகர எல்லைக்குள் கரை வரை ஏற்கெனவே கட்டடங்கள் வளர்ந்துவிட்ட பகுதி இரண்டாம் மண்டலம் என்று வகைப்படும், அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கு உட்புறம் கட்ட அனுமதி கேட்கலாம். ஊராட்சிப் பகுதி மூன்றாம் மண்டலம், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பதே பொது விதி. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைக்க வழி வைத்தது. ஆக, ஒரு மீனவர் குடும்பம் தன் பழைய வீட்டை இடித்துக் கட்டலாமா என்பதுகூட ஊர் எந்த வகை உள்ளாட்சி என்பதோடு பிணைந்திருக்கிறது. நகராட்சிக்குச் சொத்து வரி கட்டிய ரசீது இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. வரி ரசீது பட்டாவும் ஆகாது, கட்டட அனுமதியும் ஆகாது. ராமேஸ்வரத்தில் தாலுகா அலுவலகம் வேறு, நகராட்சி அலுவலகம் வேறு என்பதை ஊர்க்காரர்களே மறந்துவிடுகிறார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் மனு எழுதாதீர்கள். ஒரு நாள் காலையில் வாறுகாலை அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று படம் எடுங்கள். அடைப்பு நகராட்சித் தெருவுக்குள் இருந்தால் அது சுகாதார ஆய்வாளரின் வேலை, தீர்மானமே வேண்டாம், மேற்பார்வையாளரைப் பார்த்தாலே ஆள் அனுப்புவார். பக்கத்து விடுதி கழிவுநீரை நேராகத் திறந்துவிடுகிறது என்றால் ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். அந்த விடுதி நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறதென்றால், அதை அவர்களே தரம் பிரித்துக் கையாள வேண்டும் என்று விதி இருக்கிறது, அதையும் குறிப்பிடுங்கள்.

சாலைக்குக் கீழே அடைப்பு என்றாலோ கரை ஓரம் வாறுகால் கட்டாமலே நின்றிருந்தாலோ, நகராட்சி தனியாக முடிக்க முடியாது. அப்போது திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். நகராட்சி, வருவாய், நெடுஞ்சாலை, மீன்வளம் எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் அது. மனுவில் "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் அது ஒரு துறைக்குப் போய்த் திரும்பி வரும். எந்தச் சர்வே எண்ணில் எந்த இடத்தில் எத்தனை மீட்டர் என்று எழுதி, நகராட்சியும் இன்ன துறையும் கூட்டாக இடத்தை வந்து பார்த்து ஆய்வு செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேள்வி இரண்டு போதும். கடந்த பத்து ஆண்டில் இந்தத் தெருவின் வாறுகால் குறித்து மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல். அவற்றில் பிற துறைகளுக்கு எழுதிய கடிதங்களின் நகல், வந்த பதில்களோடு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் சொன்ன அந்த 20 மீட்டர் போல, உங்கள் வாறுகாலுக்கும் பழைய தீர்மானம் ஒன்று ஏதாவது ஓர் அலமாரியில் இருக்க வாய்ப்பு அதிகம். அது கிடைத்தால் நகலை எடுத்துக்கொண்டு உங்கள் கவுன்சிலரிடம் போங்கள். தீர்மான எண்ணோடு வருகிறவரிடம் அவரால் கமிஷனரைப் பாருங்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த மன்றக் கூட்டத்தில் அதைப் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். நகல் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதில் உள்ள நிதித் தலைப்பைப் பார்த்து, அடுத்து எந்த மேசைக்குப் போவது என்று சொல்கிறேன்.